மேக்னாவுக்கு மூன்று கொட்டேஷன்

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சபதம் எடுத்தார்.

"லட்சுமி, பெத்தது நீ. ஒத்துக்கறேன். ஆனா கொழந்தைக்கு டாக்டர் யாருங்கறதை நான்தான் முடிவு பண்ணுவேன். இதுல நீ தலையிடக் கூடாது."

பெத்தது நான் என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதுவரை, "நேத்துப் பூரா நெம்பச் சிரமப்பட்டுப்போட்டனுங்க, இடுப்பு விட்டுப்போச்சு" என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த சிரமம்.

"சரிங்க," என்றேன். தையல் போட்டுப் படுத்திருப்பவளுக்கு வாதம் பண்ணத் தெம்பு இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவர் பெயர் வரதராஜுலு. பீளமேட்டில் பம்பு செட்டுக்கு வார்ப்பு போடும் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். வாழ்க்கையில் அவருக்கு ஒரே கொள்கை. எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும். உலையில் உருக்கப் பன்றி இரும்பு வாங்கினாலும் மூன்று, பட்டாணி வாங்கினாலும் மூன்று. என்னைப் பெண் பார்க்க வரும் முன்பே இரண்டு வீட்டில் சொஜ்ஜி தின்றுவிட்டுத்தான் வந்தார். ஆக, நானே மூன்றாவது கொட்டேஷன்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே ஒரு பாக்ஸ் ஃபைல் வாங்கி வந்தார். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, 'மேக்னா: குழந்தை டாக்டர்: 1994' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வருவதற்குள் ஃபைல் வந்துவிட்டது.

எனக்கோ நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்று உத்தரவு. போட்டவள் என் நாத்தனார் பங்காரம்மா. உடுமலைப்பேட்டையிலிருந்து போனிலேயே போட்டாள். ஆக, ஊர் சுற்ற அவர், உள்ளே உட்கார நான்.

ஐந்தாம் நாள் காலையில் குழந்தையின் முகம் மஞ்சளாக இருந்தது. என் கண்தான் மஞ்சளோ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கழற்றிப் பார்த்தேன். மஞ்சள்தான். ஃபவுண்டரிக்குப் போன் அடித்தால், "முதலாளி டாக்டருங்களைப் பத்தி வெசாரிக்கப் போயிருக்காருங்க" என்றார்கள். டாக்டர் தேவைப்படும்போது டாக்டரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும் தகப்பன்!

எதிர் வீட்டு நாச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

"அட, எதுக்கு அம்மணி இப்படி நடுங்கறே? நம்ம பின் வீதியில டாக்டரம்மா ஒருத்தங்க குடி வந்திருக்காங்கல்ல. கொழந்தை டாக்டருதான். இரு, கூட்டியாறேன்," என்று ஓடினாள்.

பத்து நிமிஷத்தில் ஒரு கைனடிக் ஹோண்டா வந்து நின்றது. ஈரத் தலை, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. முப்பது வயதுகூட இருக்காது. பெயர் கிருபா. அப்பா மதுக்கரையில் பள்ளிக்கூட வாத்தியாராம்.

குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மூக்கை லேசாக அழுத்திப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பாதத்தை அழுத்திப் பார்த்தார். அவசரமே இல்லை.

"பொறந்த கொழந்தைக சிலதுக்கு வரதுதானுங்கக்கா. ரெண்டு மணிக்கொருக்கா பால் குடுங்க. மஞ்சள் பாதம் வரைக்கும் எறங்கினாலோ, பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ உடனே சொல்லியனுப்புங்க. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஏழு கேள்வி கேட்டு எனக்கே வெட்கமாகி நிறுத்தினேன். என் வாழ்க்கையில் எந்த ஆம்பளையும் என்னை மூன்றாவது கேள்விக்கு வரவிட்டதில்லை.

"கேளுங்கக்கா. அதுக்குத்தான வந்திருக்கேன்," என்றார்.

எட்டாவது கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தூங்கறப்ப மூச்சு விடுதான்னு மூக்குக்கிட்ட வெரலை வெச்சுப் பாக்கறேன். மணிக்கு நாலு தடவை. இது பைத்தியமுங்களா?"

"என் தங்கச்சி கொழந்தைக்கு நானும் வெச்சுப் பாத்தேன்க்கா. அப்பவே நான் டாக்டரு."

பதினாறு வருஷமாகக் காத்திருந்து பெற்றவளுக்கு மருந்து எதுவும் வேண்டாம், இது போதும். அந்த நிமிஷமே மேக்னாவுக்கு நான் டாக்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கொட்டேஷன் ஒன்று. இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. ஆர்டர் போட்டாயிற்று.

மஞ்சள் நாலைந்து நாளில் மறைந்தது. கிளினிக் போகிற வழிதான் என்று டாக்டரம்மா வியாழக்கிழமை தோறும் ஏழரை மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். இனி இதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. முதல் வியாழக்கிழமை கதவைத் திறந்தவர் அவர்தான்.

"வாங்க வாங்க நர்சம்மா! ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புனாங்களா? கொழந்தைக்குத் தண்ணி வாக்கத்தான? சுடுதண்ணி காஞ்சிட்டிருக்குதுங்க!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மொதல்ல கொழந்தையைப் பாத்துடறேன் சார். தண்ணி அப்புறம் வாக்கலாம்," என்றார் அவர் சிரிக்காமல்.

நான் ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். இவர்தான் டாக்டர் என்று சொன்னால் அந்த நிமிஷமே ஃபைலில் சிவப்பு மையால் அடித்துவிடுவார். வயது போதாது. கூட்டம் இல்லை. கூப்பிட்டவுடன் வீட்டுக்கு வருகிறவர் எப்படி நல்ல டாக்டராக இருக்க முடியும்? எல்லாவற்றுக்கும் மேலே, பெண்டாட்டி கண்டுபிடித்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. நான் படித்த கான்வென்டில் பொய் சொன்னால் சிஸ்டர்கள் முட்டி போட வைப்பார்கள். சும்மா இருந்ததற்காக யாரையும் முட்டி போட வைத்ததில்லை.

"கழுத்தைப் புடிங்க நர்சம்மா, கழுத்தை! இன்னும் கழுத்து நிக்கலை," என்று பாடம் எடுத்தார் என் வீட்டுக்காரர்.

"சரிங்க சார்."

"நானும் பொஸ்தகம் படிச்சிட்டுத்தான் சொல்றேன்."

"தெரியுதுங்க சார்."

முதல் கொட்டேஷனுக்குச் சோமனூர் போனார். அங்கே அவருடைய பெரியம்மா மகன் சீனிவாசலு குழந்தை டாக்டர். சொந்தக்கார ஒறம்பறை என்பதால் நாலு போண்டா, ஒரு காபி, இரண்டு மணி நேரம் பேச்சு. திரும்பி வந்தவர் முகம் சுரத்தாக இல்லை.

"என்னங்க சொன்னாரு?"

"கொழந்தைக்குச் சளி புடிச்சா என்ன பண்ணலாம்னு கேட்டேன். நம்ம வம்சத்துக்குச் சளி வராதுங்கறான். வயித்துப்போக்குன்னேன். நம்மாளுகளுக்கு அதெல்லாம் ஏது வரதாங்கறான். அங்க உக்காந்தே அவன் எட்டுத் தடவை தும்மினான் லட்சுமி."

ஃபைலில் முதல் தாள்: 'திருப்தி இல்லை. போண்டா நன்று.'

இரண்டாவது கொட்டேஷன், ஊரிலேயே கூட்டம் அதிகம் என்று பெயர் வாங்கிய டாக்டர் சுந்தரராஜுலு. கையில் குழந்தை இல்லாமல் தனியாகப் போய் டோக்கன் வாங்கி, தாய்மார்களுக்கு நடுவில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தாய்மார்கள் குழந்தைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்களாம். மறுநாள் வியாழக்கிழமை. டாக்டரம்மா குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் சேர்த்தே என் வீட்டுக்காரர் கதை சொன்னார்.

"என்னா வேகமுங்கறே! நான் உள்ள போறேன். டாக்டர் தலையே நிமுத்தலை. 'நாக்கை நீட்டு'ன்னாரு. நீட்டினேன். எழுதினாரு, கிழிச்சாரு, பெல் அடிச்சாரு. அடுத்த ஆளு உள்ள! வாட்ச் வெச்சுப் பாத்தேன் நர்சம்மா, நாப்பதே செகண்டு!"

"நாக்கை நீட்டினது நீங்களாங்க சார்?"

"நான்தானுங்க. வேற யாரு இருந்தா அங்க?"

"என்ன எழுதிக் குடுத்தாருங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். பூச்சி மருந்து. காலையில் ஒரு ஸ்பூன், வெறும் வயிற்றில்.

டாக்டரம்மா குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானை நெடுநேரம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையில் பொத்தானே கிடையாது.

"நாப்பது செகண்டுல நாப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கே பூச்சின்னு கண்டுபுடிச்சிருக்காரு. இதுதான் அனுபவங்கறது! ஏனுங்க நர்சம்மா, நீங்களும் நாலு டாக்டர்கிட்ட வேலை பாத்திருப்பீங்க. நீங்க சொல்லுங்க."

"கூட்டமில்லாத நல்ல டாக்டருங்களும் இருக்காங்க சார்."

"கூட்டமே இல்லாம எப்படீங்க நல்ல டாக்டர்?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். "பாவம், உங்களுக்கு வெவரம் பத்தாது."

நாற்பதாம் நாள் சாயங்காலம் அவர் ஃபைலை டப்பென்று மூடினார்.

"முடிச்சுப்போட்டேன் லட்சுமி. சுந்தரராஜுலுதான். நாப்பத்தஞ்சாம் நாள் ஊசியை அவருகிட்டத்தான் போடறோம். நாளைக்குப் போய்ப் பேரைப் பதிஞ்சுட்டு வந்தர்றேன்."

நாற்பது செகண்டு! நான் தொண்டையைச் செருமவே இருபது செகண்டு ஆகும். மிச்சம் இருபதில் என் குழந்தையைப் பற்றி நான் என்ன கேட்பேன், அவர் என்ன சொல்வார்? என் நாக்கையும் நீட்டச் சொல்லி எனக்கும் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரே ராத்திரிதான் எனக்கு அவகாசம். ராத்திரி வரை பொறுப்பானேன் என்று அப்போதே ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, ஃபைல்ல ரெண்டு தாள்தான இருக்குது?"

"ரெண்டு போதும்."

"போன வாரம் வாசல் கூட்டற சீமாறு வாங்க மூணு கடை ஏறி எறங்குனீங்க."

அவர் கை ஃபைல் மேல் அப்படியே நின்றது.

"எனக்கொண்ணும் இல்லீங்க. நாளைக்கு மேக்னா பெரியவளாகி, 'ஏப்பா, சீமாத்துக்கு மூணு கொட்டேஷன், எனக்கு ரெண்டுதானா?'ன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லிக்கோணும்."

"மூணாவதுக்கு நான் எங்க போறது?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் ஊட்டுக்குள்ளயே கெடக்கறவ. ஆமா, ஒரு பம்பு மோட்டார் நல்லதான்னு தெரிஞ்சுக்கோணும்னா நீங்க கம்பெனிக்காரனையா கேப்பீங்க?"

"அவனைக் கேட்டா அவன் மோட்டார் ஆகாசத்துக்கே தண்ணி ஏத்தும்பான். எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி மாத்திக் காயில் கட்டறானே, அவனைக் கேக்கோணும். எது திரும்பத் திரும்ப எரிஞ்சு வருதுன்னு அவனுக்குத்தான தெரியும்?"

"அப்படீங்களா," என்றேன் வெகுளியாக. "அது மோட்டாருக்குச் சரி. டாக்டருக்கெல்லாம் காயில் கட்டறவனா இருக்கான்?"

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். ஏழில் கத்தினார்.

"மருந்துக் கடைக்காரன்! லட்சுமி! மருந்துக் கடைக்காரன்! எனக்கு எப்படித் தோணுச்சு பாத்தியா!"

"உங்களுக்குத் தோணாம வேற யாருக்குங்க தோணும்?"

மறுநாள் ஃபவுண்டரிக்கு லீவு போட்டுவிட்டு ஊரில் உள்ள மருந்துக் கடையெல்லாம் ஏறினார். சாயங்காலம் செருப்போடு ஹாலுக்குள் ஓடி வந்தார்.

"அம்மணி! கெடச்சுருச்சு! கிருபான்னு ஒரு டாக்டரம்மா! நம்ம ஆர்.எஸ்.புரத்துலயே கிளினிக்கு! மருந்துக் கடைக்காரன் அழுகறான் லட்சுமி! 'அந்தம்மா வந்ததுல இருந்து யாவாரம் படுத்துப்போச்சுங்க. சீட்டுக்கு ஒரு மருந்து. பாதிச் சீட்டுல அதுவும் இல்லீங்க. ஒருக்கா வந்த கொழந்தை அதே சீக்கோட மறுக்கா வரதில்லீங்க'ங்கறான்! காயில் கட்டவே வராத மோட்டார்! இருபது வருஷத்துல நான் அப்படியொண்ணைப் பாத்ததில்லை!"

"கூட்டம் இருக்குமுங்களா?" என்று முகத்தைச் சுளித்தேன்.

"கூட்டம் எதுக்கு? கொணமானவன் எதுக்கு வரிசையில வந்து நிக்கறான்?"

"சின்ன வயசா இருந்துட்டா?"

"இருக்கட்டுமே! புது மெஷின்தான் இறுக்கமா ஓடும். உனக்கு இதெல்லாம் புரியாது லட்சுமி."

இதையே நான் சொல்லியிருந்தால் அசட்டுத்தனம். அவர் சொன்னதால் ஞானம். ஞானத்தைக் கலைக்காமல் வெங்காயத்தைத் தாளித்தேன்.

"ஆனா கண்ணை மூடிட்டு ஒப்படைச்சுட மாட்டேன். நேர்ல பேட்டி எடுக்கோணும். இருபத்திரண்டு கேள்வி எழுதி வெச்சிருக்கேன்," என்றார்.

நாற்பத்தைந்தாம் நாள். சஃபாரி சூட், பளபளவென்று ஷூ, அக்குளில் பாக்ஸ் ஃபைல். ஒரு தையல் கடைக்கு மேலே சின்ன கிளினிக். வாசலில் தெய்வாத்தாள் என்ற அம்மாள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மூன்று. என் வீட்டுக்காரர் கம்பீரமாகக் கதவைத் தள்ளினார். நான் குழந்தையோடு பின்னால் போனேன்.

நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

"அட, நர்சம்மா! நீங்க இங்கதான் வேலைக்கு இருக்கீங்களா? சொல்லவே இல்லியே!" என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, டாக்டர் சேர்ல உக்காந்திருக்கீங்க. அவங்க வந்து பாத்தா சத்தம் போடப் போறாங்க. எந்திரிச்சுக்குங்க."

"பரவால்லீங்க சார். கொழந்தையைக் குடுங்கக்கா."

எடை பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நாக்கில் இரண்டு சொட்டு விட்டார். ஊசியை எடுத்தார்.

"ஏ, ஏ, ஏ! இருங்கம்மா! டாக்டர் வராம நீங்களா ஊசி போடக் கூடாது! லட்சுமி, பாத்துட்டு நிக்கறியே, சொல்லு!"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஊசி போட்டாகிவிட்டது. மேக்னா ஒரே ஒரு தடவை வீறிட்டாள். அதற்குள் தெய்வாத்தாள் கதவில் தலையை நீட்டினார்.

"டாக்டரம்மா, அடுத்த டோக்கனை அனுப்பட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவைத் தேடித் திரும்பிப் பார்த்தார். பின்னால் எடை பார்க்கும் மெஷின் மட்டும் இருந்தது. இடது பக்கம் பார்த்தார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஃபைல் அக்குளிலிருந்து நழுவித் தொப்பென்று விழுந்தது.

"ரெண்டு நிமிசம் தெய்வாத்தாக்கா," என்றார் டாக்டரம்மா. "உக்காருங்க சார். இருபத்திரண்டு கேள்வி இருக்குதுன்னு அக்கா சொன்னாங்க. கேளுங்க."

அவர் உட்கார்ந்தார்.

"நீங்க... டாக்டருங்களா?"

"ஆமாங்க சார். அடுத்த கேள்வி?"

கார் எங்கள் கேட் பக்கத்தில் வந்தபோது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு மொத நாளே ஒரு சந்தேகம்தான். நர்சுக்கு இத்தனை அறிவு இருக்குமான்னு."

"அறிவைப் பத்தி நாம கார்ல பேச வேண்டாமுங்க. கொழந்தை தூங்குது."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருக்கு வேறொன்று தோன்றிவிட்டது. மருந்துக் கடை யோசனை யாருடையது? அவருடையது! அப்படியென்றால் டாக்டரைக் கண்டுபிடித்தது யார்? ஃபவுண்டரி முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினார். "காயில் கட்ட வராத மோட்டார்" என்று அவர் விளக்கியதைக் கேட்டு ஒருவர் மோட்டாருக்கே ஆர்டர் கொடுக்க வந்தாராம். ஒரு மாசத்தில் அந்தத் தையல் கடை மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை.

இரண்டாவது ஊசிக்கான நாள் வந்தது. என் வீட்டுக்காரர் விடியற்காலை ஆறு மணிக்கே டோக்கன் வாங்கக் கிளம்பிப் போனார். பதினோரு மணிக்குக் கிளினிக் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். சத்தம் காதைக் கிழித்தது.

"லட்சுமி! நம்ம டோக்கன் அறுபத்தொண்ணு! இப்பத்தான் அம்பத்தாறு உள்ள போச்சு! என்னா கூட்டமுங்கறே! எல்லாம் நான் அனுப்பின ஆளுக! வந்தப்ப ஒரே இடிபிடி. நான்தான் காய்ச்சக்கார கொழந்தைகளை ஒரு வரிசை, ஊசிக்கு வந்ததுகளை ஒரு வரிசைன்னு பிரிச்சு உக்கார வெச்சிருக்கேன். கெளம்பு, கெளம்பு! ஆட்டோ புடிச்சு வா!"

"மெதுவாப் பேசுங்க. கொழந்தை ஊசி போட்டுட்டுத் தூங்குது."

"ஊசியா? யாரு போட்டாங்க?"

"டாக்டரம்மாதான். கூட்டத்துல எல்லாரும் இருமறாங்க, கைக்கொழந்தையைக் கொண்டாராதீங்கக்கான்னு, ஏழரைக்கே ஐஸ் ஃபிளாஸ்க்ல மருந்தைப் போட்டு எடுத்துட்டு வந்து போட்டுட்டுப் போனாங்க."

"அப்ப நான் எதுக்கு அஞ்சு மணி நேரமா இங்க நிக்கறேன்?"

"ஊசி போட்ட எடம் வீங்கியிருக்குதான்னு கேட்டு டாக்டரம்மா இப்பத்தான் போன் பண்ணுனாங்க. உங்களைப் பத்தியும் சொன்னாங்க."

"என்னைப் பத்தியா?" குரலில் சட்டென்று உயிர் வந்தது. "என்ன சொன்னாங்க?"

"வரிசையை நெம்ப அழகா வெச்சிருக்கீங்களாம். தெய்வாத்தாளுக்கு ரெண்டு நாள் லீவு வேணுமாம், நாளைக்கும் நாளானிக்கும் நீங்களே வந்து டோக்கன் குடுக்க முடியுமான்னு கேக்கச் சொன்னாங்க."